97 மதிப்பெண் வாங்கிய கேம், எனக்கு ஒட்டவே இல்லை

#1 பனங்கிழங்கு

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, அந்தக் குதிரைக் கொள்ளைக்கூட்டக் கேம், எனக்குப் பிடிக்கவில்லை. மோசமான கேம் என்று சொல்லவில்லை, அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த பத்துப் பதிவும் அந்தச் சண்டையிலேயே போய்விடும். 2018 அக்டோபரில் வந்தபோது விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கிற மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 97 வாங்கியது, அந்த மதிப்பெண்ணில் எனக்குச் சந்தேகமே இல்லை. பனி, சேறு, சாயங்கால வெளிச்சம், குதிரை மூச்சு ஆவியாகப் போவது, எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கொட்டாவி. விட்டேன், திரும்ப வந்தேன், மறுபடி விட்டேன், கடைசியில் டிஸ்கில் இடம் வேண்டும் என்று அழித்தே விட்டேன்.

எங்கே சிக்கினேன் என்று குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் "பொறுமை இல்லை", "ரீல்ஸ் பார்த்தே கெட்டுப்போனீர்கள்" வகைப் பதில்கள் வரிசையில் நிற்கும் என்று தெரியும். ஆரம்பத்தில் பனிமலையில் ஒரு பண்ணைவீடு வரும். சுட்டு முடித்ததும் வீட்டுக்குள் இருக்கிற சாப்பாட்டுச் சாமான்களைத் தேடி எடுக்கச் சொல்வார்கள். அலமாரிக்கு முன்னால் சரியான கோணத்தில் நின்றால்தான் பட்டன் தெரியும். அழுத்திப் பிடிக்க வேண்டும். நாம் ஆட்டுவிக்கிற நாயகன் ஆர்தர் கதவைத் திறப்பார். கையை உள்ளே விடுவார். ஒரு டப்பாவை எடுப்பார். பைக்குள் வைப்பார். அடுத்த டப்பாவுக்கு மறுபடி பட்டன். முதல் அலமாரியில் "அடடா, என்ன நுணுக்கம்" என்றிருந்தது. அடுத்ததற்குப் போகும்போதே அது வேலையாகிவிட்டது.

கூட்டம் தங்கியிருக்கிற முகாமுக்குள் ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். மானைச் சுட்டால் மண்டியிட்டு, கத்தி எடுத்து, தோலை உரித்து, தோளில் தூக்கி, குதிரைவரை நடந்து, முதுகில் போட வேண்டும். இறங்கும்போது நீளத் துப்பாக்கியைச் சேணத்திலிருந்து எடுக்க மறந்தால் அது குதிரையோடு போய்விடும், நீங்கள் சண்டை நடுவில் கைத்துப்பாக்கியோடு முழிக்க வேண்டியதுதான். எதிரே வருகிறவரிடம் பேச எந்தப் பட்டனோ, கையில் ஆயுதம் இருந்தால் குறிபார்க்கவும் அதேதான். வேலன்டைன் ஊரில் ஒருவருக்கு வணக்கம் சொல்லப் போய், மூஞ்சிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி, அவர் அலறி, ஊர் அலறி, தலைக்கு விலை வைத்து, நான் குதிரையைத் தேடி ஓடி... சிரிப்பாகத்தான் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு.

நான் பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் ஆடிக் கெட்டுப்போன தலைமுறை. அவற்றைச் செய்ததும் அதே ராக்ஸ்டார் நிறுவனம்தான். அதில் பட்டனைத் தொட்டால் ஆள் ஓடுவான்.

தயவுசெய்து "20 மணி நேரம் தாண்டினால் சூடுபிடிக்கும்" என்று சொல்லாதீர்கள். கதை எனக்குப் பிரச்சினையே இல்லை, முதல் காட்சியிலிருந்தே நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் என் கை செய்கிற வேலைதான் பிரச்சினை, அது 20 மணி நேரம் கழித்தும் அதே வேலைதான்.

உங்களுக்கு இப்படி ஒட்டாமல் போன பெரிய பெயர் எது? பட்டியல் போடாதீர்கள், எந்த இடத்தில் கைவிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

#2 கட்டைவிரல்

விட்சர் 3. வெலன் பகுதியின் வரைபடத்தைத் திறந்தேன். இன்னும் போகாத இடங்களுக்கெல்லாம் கேள்விக்குறி, அத்தனை கேள்விக்குறி. மூடிவிட்டேன்.

#3 ஆர்தரின்குதிரை

பனங்கிழங்கு ப்ரோ, விவரமாக எழுதியிருக்கிறீர்கள், நானும் விவரமாகவே வருகிறேன். நீங்கள் குறை என்று சொன்ன ஒவ்வொன்றும் தெரிந்தே வைத்தது. அந்த அலமாரியையே எடுத்துக்கொள்வோம். பிளாக்வாட்டரில் கொள்ளை சொதப்பி, ஆட்களைப் பறிகொடுத்து, பனிப்புயலில் பட்டினியாக ஒதுங்கியிருக்கிற கூட்டம் அது. ஒரு டப்பா கிடைப்பதே பெரிய விஷயம். மற்ற கேம்களில் சாப்பாட்டின் மேல் நடந்து போனாலே 'டிங்' என்று பையில் ஏறிவிடும், யாருக்காவது பசி தெரிந்திருக்கிறதா?

முகாமில் நடக்க வைப்பதால்தான் அங்கே இருக்கிறவர்கள் பேசுவது காதில் விழுகிறது. ஒருவர் பாடிக்கொண்டிருப்பார், அங்கிள் வேலைக்கு டிமிக்கி கொடுத்துப் படுத்திருப்பார், ஹொசியா பழைய கதை அவிழ்ப்பார், கூட்டத்தலைவர் டட்ச் கூடாரத்தில் கிராமபோன் ஓடும். ஓடவிட்டிருந்தால் இதெல்லாம் சுவரோட்டி மாதிரி கடந்து போயிருக்கும். ஆர்தர் தன் நாட்குறிப்பில் வழியில் பார்த்த விலங்குகளையும் இடங்களையும் வரைந்து வைத்திருப்பார், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கேமை முடித்தவர்களை எனக்குத் தெரியும், வயிறு எரியும்.

ஸ்பாய்லர் இல்லாமல் ஒன்று மட்டும். 2ஆம் அத்தியாயத்தில், கூட்டத்தில் வட்டிக்கு விடுகிற ஸ்ட்ராஸுக்காகக் கடன் வசூலிக்கப் போகிற சில்லறை வேலை ஒன்று வரும். முக்கியமே இல்லாதது போல இருக்கும். மொத்தக் கதையின் முடிச்சும் அங்கே விழுந்துவிடுகிறது, ஆனால் அது விழுந்தது நமக்குத் தெரியவர அத்தியாயங்கள் ஆகும். நடுவில் நீங்கள் குதிரை தேய்த்து, மீன் பிடித்து, மழையில் நனைந்து அந்த மனிதரோடு குடித்தனமே நடத்தியிருப்பீர்கள், அதனால்தான் தெரியவரும்போது அப்படி அடிக்கும். வேகமாக ஓடவிட்டிருந்தால் அடிக்காது. பந்தயம் கட்டுகிறேன்.

#4 பனங்கிழங்கு

பசி என்று சொல்கிறீர்கள், சரி. ஆனால் முகாமில் சாமான் தீர்ந்தால் என்ன ஆகும்? முணுமுணுப்பார்கள். அவ்வளவுதான். ஆரம்பக் கதைப் பணியில் வருகிற வேட்டையைத் தவிர ஒரு மான்கூடக் கொண்டுவராமல் கதையை முடித்துவிடலாம். அப்படியென்றால் அந்தப் பசி அலங்காரம்தானே?

#5 சிவப்புப்பட்டன்

97இல் நான் இல்லை. மீதி 3இல் இருக்கிறேன்.

#6 பிரின்ஸ்ரசிகர்

"பட்டனைத் தொட்டால் ஆள் ஓடுவான்" என்பதை ராக்ஸ்டார் கைவிட்டது 2018இல் இல்லை தம்பி. 2008இல் ஜிடிஏ 4 வந்தபோதே அதன் நாயகன் நிகோ பெல்லிக் திரும்புவதற்கு ஒரு அரைவட்டம் அடிப்பார். யூஃபோரியா என்ற தொழில்நுட்பத்தைச் சேர்த்து உடம்புக்கு எடை கொடுத்தார்கள், தள்ளினால் தடுமாறினார்கள், காரைத் திருடினால் உரிமையாளர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருவார். அந்த எடை வளர்ந்து வளர்ந்துதான் ஆர்தர் ஆனது. அதோடு நீங்கள் பிளேஸ்டேஷன் 4இல் ஆடியிருந்தால் அது நொடிக்கு 30 பிரேம். 2019இல் கணினிக்கு வந்த பதிப்பில் 60இல் ஓட்டினால் பாதிக் கனம் குறைந்துவிடும், ஆடிப் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. கனமான அசைவு புதிய நோயும் இல்லை. கம்ப்யூட்டர் லேபில் ஆசிரியருக்குத் தெரியாமல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடாதவர் இங்கே யார்? 1989. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடச் சொல்லி, தாவச் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக வரைந்தார். அதனால்தான் ஓடுகிற இளவரசன் நீங்கள் விரலை எடுத்த கணத்தில் நிற்க மாட்டான், சறுக்கி ஓரடி தள்ளித்தான் நிற்பான். தாவினால் அசைவு முடியும்வரை அவன் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டான். ஆர்தர் அலமாரி திறப்பதும் அதே தத்துவம்தான், முதலில் உடம்பு, அப்புறம் உங்கள் விரல். அதை ரசித்தவர் இதை ஏன் ரசிக்கவில்லை?

#7 பனங்கிழங்கு

அண்ணே, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இதை யோசித்துத்தான் இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை.

பிரின்ஸில் அந்த ஓரடிச் சறுக்கலுக்குப் பக்கத்தில் முள் இருக்கும். பலகை உடையும். மொத்தமே 60 நிமிடம், அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும். எடை இருப்பதால் நான் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும், தப்பாக எடுத்தால் செத்தேன். எல்டன் ரிங்கிலும் அப்படித்தான், பெரிய வாளை ஓங்கிவிட்டால் நடுவில் திரும்பப் பெற முடியாது, அதனால் ஓங்குவதற்கு முன்னால் யோசிக்கிறேன். அங்கெல்லாம் மெதுவான அசைவுக்குள் ஒரு சூதாட்டம் இருக்கிறது. அலமாரிக் கதவில் என்ன சூதாட்டம்? கதவு திறக்கும்வரை நான் எதையும் தீர்மானிக்கவில்லை, எதையும் இழக்கப் போவதில்லை, வெறுமனே காத்திருக்கிறேன்.

மெதுவாக இருப்பதை நான் வெறுக்கவில்லை. நான் இல்லாமலே நடக்கக்கூடிய ஒன்றுக்கு என்னைப் பட்டன் பிடிக்க வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதே கேமில் ரயில் கொள்ளை, குதிரைத் துரத்தல் எல்லாம் வரும்போது இன்னொரு கூத்து: பக்கவாட்டில் கொஞ்சம் ஒதுங்கி வேறு வழியில் போனால் "பணி தோல்வி". நான் யோசிக்க வேண்டிய இடத்தில் கயிறு கட்டி இழுக்கிறார்கள், யோசிக்க எதுவுமே இல்லாத இடத்தில் முழுச் சுதந்திரம் தருகிறார்கள்.

#8 ஆர்தரின்குதிரை

பணிகள் கயிறு கட்டியவை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றிலும் சூது இருக்க வேண்டும் என்றால் மீன்பிடிக்கிற கேமெல்லாம் எதற்கு?

#9 ராத்திரிஷிப்ட்

எல்டன் ரிங் பெயர் அடிபட்டதால் உள்ளே வருகிறேன். எனக்கு ஒட்டாதது அதுதான். கஷ்டம் என்பதால் இல்லை. வெளியே வந்ததும் பொன் கவசத்தோடு குதிரையில் ஒருத்தன் ரோந்து சுற்றுவான், ட்ரீ சென்டினல். போய் மோதினேன், செத்தேன். "இவனிடம் இப்போது வராதே, உலகம் பெரியது, வேறு பக்கம் போ" என்று சொல்லித்தருகிறார்கள், புரிந்தது, போனேன். ஸ்டார்ம்வெயில் கோட்டைக்கு முன்னால் மார்கிட். அவன் தடியை ஓங்கி, ஓங்கியபடியே வைத்திருப்பான், நாம் பயந்து உருண்டு எழுந்திருக்கிற நேரம் பார்த்து இறக்குவான். கேமின் இயக்குநர் மியாசாகி நம் பதற்றத்தைக் கணக்கு போட்டு வைத்திருக்கிறார். அதுகூட எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது, நிறுத்தி வைக்க முடியாது என்பது. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் தனியாக ஆடினாலும் மெனுவைத் திறந்தால் உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். இரவு வேலை முடித்துப் பகலில் ஆடுகிறவன் நான். பகலில் வீடு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கேஸ்காரர் மணி அடிப்பார், குக்கர் மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டு அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போவார். திரும்பி வந்து பார்த்தால் நான் செத்து, நான் சேர்த்த ரூன்கள், அந்த கேமின் காசு, எல்லாம் எங்கோ குகைக்குள் கிடக்கும்.

அப்புறம் யார் என்ன வேலை சொன்னார் என்று எங்கும் குறிப்பு இருக்காது. ஒரு அம்மணி ஒரு கடிதம் கொடுத்தார், யாருக்கு என்று மறந்துபோனது, கேமில் கேட்க ஆள் இல்லை. கேம் ஆட நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்துக்கொள்கிற வயது எனக்குப் போய்விட்டது.

#10 ஜானகி_பிளேயர்2

ராத்திரிஷிப்ட், நிறுத்த வழி இருக்கிறது! பையைத் திறந்து, உதவி பட்டனை அழுத்தி, 'மெனு விளக்கம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விளக்கப் பெட்டி வரும். அது திரையில் இருக்கும்வரை கேம் அப்படியே உறைந்து நிற்கும். 2022இல் கேம் வந்த கொஞ்ச நாளிலேயே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

#11 ராத்திரிஷிப்ட்

இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் குக்கரும் தப்பியிருக்கும்.

#12 மட்டுறுத்துநர்

ரெட் டெட் முடிவை ஒரே வரியில் போட்டு உடைத்த ஒரு பதிவையும், அதற்கு வந்த திட்டையும் மறைத்திருக்கிறேன். ஆடாதவர்கள் இருக்கிற இழை இது. 2018 கேம்தானே என்பது சாக்கு இல்லை.

#13 வழிதெரியாதவள்

ஹாலோ நைட். சொல்லவே பயமாக இருக்கிறது, அதன் ரசிகர்கள் அப்படி. அடிலெய்டில் இருக்கிற டீம் செர்ரி, விரல்விட்டு எண்ணிவிடலாம் ஆட்களை, 2017இல் இப்படி ஒரு கேம் செய்தார்கள் என்பதே ஆச்சரியம். சித்திரமும் இசையும் கண்ணிலும் காதிலும் ஒட்டிக்கொண்டன. கேம் மட்டும் ஒட்டவில்லை.

புதிய பகுதிக்குள் நுழைந்தால் கையில் வரைபடம் இருக்காது. கார்னிஃபர் என்று ஒரு பூச்சி எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். அவர் முணுமுணுக்கிற பாட்டு மெல்லக் கேட்கும், தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஆள் அகப்படுவார். காசு கொடுத்தால் அரைகுறைப் படம் ஒன்று தருவார். மீதியை நாமே நிரப்ப, மேலே ஊரில் அவர் மனைவி கடையில் எழுதுகோல் வாங்க வேண்டும். வாங்கினாலும் நடக்க நடக்க நிரம்பாது, ஏதாவது ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் அதுவரை பார்த்ததை வரைந்துகொள்ளும். நான் எங்கே நிற்கிறேன் என்று படத்தில் தெரிய வேண்டுமா, அதற்குத் தனியாக ஒரு தாயத்து, அதுவும் தாயத்து மாட்ட இருக்கிற கொஞ்சம் குழிகளில் ஒன்றை அடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் நடுவில் செத்தால், சேர்த்த காசு முழுவதும் செத்த இடத்தில் என் நிழலிடம் இருக்கும். அதை அடித்து வாங்குவதற்குள் இன்னொரு தடவை செத்தால் மொத்தமும் கோவிந்தா. செத்த இடத்துக்கு வழி தெரிந்தால்தானே?

பனங்கிழங்கு அண்ணா, உங்கள் சூதாட்டக் கணக்கு எனக்குப் பொருந்தவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன். இதில் சூது ஏராளம். கையும் குறை சொல்லவே முடியாது, குதித்தால் குதிக்கும், எதிரியின் தலையில் வாளாக இருக்கிற ஆணியால் கீழ்நோக்கிக் குத்தி அதன் மேலேயே எம்பிப் போகலாம், அவ்வளவு சுத்தமான கட்டுப்பாடு. ஹார்னெட் என்ற பெரிய எதிரியை கிரீன்பாத் பகுதியில் வென்ற அன்று எழுந்து நின்று கத்தினேன். அப்படியும் ஃபங்கல் வேஸ்ட்ஸ் பக்கம் வழி தவறிச் சுற்றிக்கொண்டே இருந்தபோது "எனக்கு இது எதற்கு" என்று தோன்றியது, அணைத்தேன், பிறகு திறக்கவில்லை. எனக்கு நிஜ வாழ்க்கையிலேயே திசை தெரியாது. மால் வாகன நிறுத்தத்தில் வண்டியைத் தேடுகிற அதே எரிச்சல்.

2025 செப்டம்பரில் அதன் அடுத்த பாகம் சில்க்சாங் வந்து, வாங்க வந்த கூட்டத்தில் ஆன்லைன் கடைகளே சற்று நேரம் படுத்துவிட்டன. எல்லாரும் கொண்டாடினார்கள். நான் இசையை மட்டும் கேட்டேன்.

#14 பிரின்ஸ்ரசிகர்

அம்மா, நீங்கள் குறையாகச் சொன்ன அந்தக் காகிதத் துண்டுகளைப் பார்த்ததும் எனக்கு உயிரே வரும். எங்கோ ஆழத்தில் பயந்துகொண்டு போய், அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தால் வரும் நிம்மதி இருக்கிறதே. முதலிலேயே முழுப் படம் கொடுத்திருந்தால் அது எப்படிக் கிடைக்கும்?

#15 வழிதெரியாதவள்

கிடைக்காதுதான். உங்களுக்குக் கிடைத்தது, எனக்குத் தலைவலி கிடைத்தது. ஒரே காகிதம்.

#16 வாவிக்கரையான்

நான் மட்டக்களப்பு. டிஸ்கோ எலிசியம் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே என்று பார்த்தேன்.

2019இல் வந்தது, எஸ்தோனியாக்காரர்கள் தொடங்கிய குழு. சண்டை இல்லை. கை வேகம் தேவையில்லை. பனங்கிழங்கு சொல்லும் கைப் பிரச்சினை இதில் வரவே வராது, கிளிக் செய்து வாசிப்பதுதான் வேலை. நான் ஆசையாகத்தான் தொடங்கினேன். குடித்து நினைவு தப்பிய ஒரு துப்பறிவாளர் அறையில் எழும்புகிறார், விசிறியில் அவருடைய டை சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்கப் போனால் மாரடைப்பு வந்து கேம் முடிந்துவிடும். உடல்வலிமையைக் குறைவாக வைத்திருந்தால் விளக்கைப் போட்டாலே ஆள் போகலாம். விழுந்து விழுந்து சிரித்தேன், இதுதான் எனக்கான கேம் என்று நினைத்தேன்.

பிறகுதான் சோதனை. 24 திறமைகள், அவ்வளவும் அவருடைய தலைக்குள் இருந்து கதைக்கும். ஒன்று பயமுறுத்தும், ஒன்று குடிக்கச் சொல்லும், என்சைக்ளோபீடியா என்று ஒன்று யாருமே கேட்காத தகவலை அவிழ்த்துவிடும். மொத்தம் பத்து லட்சம் சொற்களுக்கு மேல். அதுவும் நான் வேலையில் எழுதும் ஆங்கிலம் இல்லை, தத்துவம், அரசியல், இல்லாத நாடுகளின் சரித்திரம், அவர்களே உண்டாக்கிய சொற்கள். எது நிஜமான சொல், எது அவர்கள் செய்த சொல் என்று அகராதியைத் திறந்தாலும் பிடிபடாது. பகிடி என்று தெரிகிறது, ஆனால் என்ன பகிடி என்று விளங்கும்போது சிரிக்கும் நேரம் போய்விட்டது. 2021இல் எல்லா வசனத்துக்கும் குரல் சேர்த்த ஃபைனல் கட் வந்தது, கேட்டால் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்பது உண்மை. என்றாலும் விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் பிணத்தைத் தாண்டி என்னால் அதிக தூரம் போக முடியவில்லை.

கிம் கிட்சுராகி என்ற அந்தப் பொறுமைசாலி அதிகாரி இன்னும் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

#17 ஜானகி_பிளேயர்2

வாவிக்கரையான் அண்ணா, இது எனக்கும். ஆங்கில வழியில் படித்தவள்தான், ஆனாலும் வேலை முடிந்து வந்து அந்தப் பத்திகளைப் பார்த்தால் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். நல்ல எழுத்து என்று தெரிகிறது. அதுதான் இன்னும் கோபம்.

#18 கட்டைவிரல்

ஒரு வரியில் போட்டுவிட்டுப் போனதற்குத் தனி மடலில் இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள், அதனால் விட்சர் 3 விளக்கம்.

எனக்கு ப்ளடி பாரன் என்ற பிரபுவின் கதை தெரியும், ஆடியும் இருக்கிறேன், அந்த அளவுக்குப் பணிகளை எழுதுகிற ஆட்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதைக்கும் அடுத்த கதைக்கும் நடுவில் நான் என்ன செய்கிறேன்? கேள்விக்குறியைத் துரத்துகிறேன். ஸ்கெல்லிகே தீவுகளுக்குப் போனால் கடல் முழுக்கக் கேள்விக்குறி, படகை ஓட்டிக்கொண்டு போனால் மிதக்கிற பீப்பாய்கள், மேலே சைரன் என்ற பறக்கும் பிராணிகள் கூச்சல் போட்டுக்கொண்டு வட்டமிடும், அவற்றைக் குறுக்குவில்லால் அடித்து வீழ்த்திவிட்டு நீரில் மூழ்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விற்க வேண்டிய குப்பை. பை நிரம்பி நாயகன் ஜெரால்ட் ஓட முடியாமல் நடப்பார். மகளைத் தேடி வந்த மனிதர் பீப்பாய் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். "அதையெல்லாம் செய்யாதே" என்பீர்கள். வரைபடத்தில் குறி போட்டது நானா?

#19 கடைவாசல்

கட்டைவிரல், 2022 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு வரைபடத்தில் கேள்விக்குறிகளை மறைக்கிற வசதி வந்துவிட்டது. மறைத்துவிட்டு ஊர்களில் இருக்கிற அறிவிப்புப் பலகையை மட்டும் பார்த்து ஆடுங்கள், வேறு கேமாக இருக்கும். அப்புறம், ஜெரால்ட் நடப்பது உங்களுக்குக் கப்பல் திரும்புவது போல இருந்தால் அமைப்புகளில் மாற்று நடை என்று ஒன்று இருக்கிறது, 2015 கோடையிலேயே சேர்த்துவிட்டார்கள், பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. காசு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். ரெட் டெட்டில் பனிமலை முதல் அத்தியாயம் முடிவதற்குள் அந்த 2 மணி நேரம் கரைந்துவிடும். திறந்த உலகம் என்று காசு கொடுத்து வாங்கிய பொருளின் திறந்த உலகத்தைப் பார்ப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுக்கிற வாய்ப்பு போய்விடுகிறது. அதனாலேயே பலர் பிடிக்காத கேமை "காசு போட்டாச்சே" என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறோம், கொஞ்ச நாளில் அது பிடித்துப்போன மாதிரியும் தோன்றிவிடும். நான் இப்போதெல்லாம் முதலில் யாராவது ஆடுகிற வீடியோவை, விமர்சனம் இல்லை, சும்மா பேசாமல் ஆடுகிற வீடியோவை, நடுவிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். டிரெய்லரில் அலமாரி வராது.

#20 சிவப்புப்பட்டன்

அவுட்டர் வைல்ட்ஸ். அறிவாளிகள் எல்லாரும் "ஒன்றுமே தெரியாமல் ஆடு" என்று சொல்லி அனுப்பினார்கள். 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அது தெரியும். ஆட்டோபைலட்டைப் போட்டால் அது கோளுக்கு நேர்கோடு போடும், நடுவில் சூரியன் இருந்தால் சூரியனுக்குள்ளேயே கொண்டுபோய் விடும் என்பதை யாரும் சொல்லவில்லை. எடையில்லாமல் சுழல்வதில் எனக்கு வாந்தி வேறு. முடித்தவர்கள் கண் கலங்கிப் பேசுகிறார்கள். எனக்கும் கண் கலங்கியது, காரணம் வேறு.

#21 ஜானகி_பிளேயர்2

ப்ரெத் ஆஃப் தி வைல்ட்: மலையில் பாதி ஏறும்போது மழை. நான் முடித்துக்கொண்டேன். வாள் உடைவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

#22 ஆர்தரின்குதிரை

எல்லாரும் எல்லாவற்றையும் கொட்டியாகிவிட்டது. பனங்கிழங்கு ப்ரோ, ஒரே ஒரு கோரிக்கை, மறுபடி நிறுவச் சொல்லவில்லை, என்றாவது மனம் மாறினால் மட்டும். அமைப்புகளில் ஓட்டத்தை 'டாகிள்' ஆக்கிவிடுங்கள், கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தூரப் பயணத்துக்கு வழியைக் குறித்துவிட்டு சினிமா கேமராவைப் போட்டால் குதிரை தானாகப் போகும். அலமாரிகளைத் திறக்காதீர்கள், நீங்களே சொன்ன மாதிரி யாரும் பட்டினியில் சாகப் போவதில்லை.

#23 பனங்கிழங்கு

நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் செய்தால் மிச்சம் இருப்பது நான் பார்க்கிற படம்தான் ப்ரோ. அதைத்தான் இப்போது செய்கிறேன். தம்பி ஆடுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ரோட்ஸ் ஊர், கிரே குடும்பம், பிரெய்த்வெயிட் குடும்பம், இரண்டு பக்கமும் டட்ச் போடுகிற இரட்டை வேடம், பிரமாதமாகப் போகிறது. அவன் வேலன்டைனில் இருந்தபோதே அந்தக் கடன் வசூலையும் செய்துவிட்டான், நீங்கள் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு அவனிடம் மூச்சு விடவில்லை. அவன் குதிரைக்குப் பிரஷ் போடும்போது மட்டும் நான் காபி போட எழுந்துவிடுவேன்.

வழிதெரியாதவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கையும் சரி, சூதும் சரி, அப்படியும் ஒட்டவில்லை என்றால் என் கணக்கில் ஏதோ விடுபடுகிறது. பிரின்ஸ்ரசிகர் அண்ணன் யாரிடமாவது கேட்டுச் சொல்லட்டும்.

#24 பிரின்ஸ்ரசிகர்

என்னை ஏன் இழுக்கிறீர்கள். எனக்கே பெர்சோனா 5 ஒட்டவில்லை. பள்ளி, நண்பர்கள், இரவில் திருடர் வேடம், பாட்டெல்லாம் அட்டகாசம், ஆனால் வெளியே போகலாம் என்று கதவுப்பக்கம் நகர்ந்தால் அந்தப் பூனை "இன்று களைத்திருக்கிறாய், படுத்துக்கொள்" என்று தடுக்கும். 100 மணி நேர கேமில் ஐம்பது வயதுக்காரனைப் பூனை தூங்க வைக்கிறது.

#25 கடைவாசல்

பெர்சோனாவுக்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணே, இதில் போட்டால் மட்டுறுத்துநர் பிரித்துவிடுவார். ராயல் பதிப்பா, பழையதா என்பதையும் எழுதுங்கள், இரண்டிலும் இரவு நேரக் கட்டுப்பாடு ஒரே மாதிரி இல்லை.